பால்மரத்தோடு சாய்ந்த வாசகர்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் தமிழ்ப் புத்தகக் கடைகள் அருகிவருவதற்கு இணையத்தின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் கைப்பேசி வருமுன்பே வாசகர் கூட்டம் கலையத் தொடங்கிவிட்டது. பால்மரத் தோட்டத்து லயங்களில் ஒரே பத்திரிகை பல கை மாறியது. பிறகு தோட்டங்கள் செம்பனைக்கு மாறின; அதற்கு அத்தனை ஆட்கள் வேண்டாம். குடும்பங்கள் ஸ்கூடாய், மாசாய் என்று நகரோர அடுக்குமாடிகளுக்குச் சிதறின. கடைக்காரரும் பிழைக்க வேண்டுமே! கற்பூரம், ஊதுவத்தி, நாட்காட்டி, பயிற்சி நூல்கள் முன்னுக்கு வந்தன. நாவல்கள் பின் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. 2021இல் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டதும் பயிற்சி நூலின் தேவையும் முன்போல் இல்லை.

உலகெங்குமே வாசிப்பு தேய்கிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் அல்ல. 1913இல் தொடங்கிய ஜொகூர் பாருவின் பூன் இயூ பள்ளியில் இடைநிலை வரை சீனமொழியிலேயே படிக்கலாம். மாநிலத்தில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. பிறகு தமிழ் ஒரு பாடம் மட்டுமே, அதுவும் விருப்பப்பட்டால். நாவலைத் தேடும் வயது அதற்குப் பிறகுதான் வருகிறது. இப்படி வாசகர் குறைந்துவர, 1924இல் பிறந்த தமிழ் நேசன் நாளிதழே 2019 தொடக்கத்தில் நின்றுபோனது.