கொடியடுப்பிலிருந்து காந்த அடுப்புக்கு

அடுப்பின் வரலாறு ஒருவகையில் பாத்திரங்களின் வரலாறே. எரிவாயுவை விட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறும் மதுரை வீடுகளில் நாம் காண்பது இதுதான்: தீ அணையும் முன்பே மண்சட்டியும் ஈயச்செம்பும் பரணுக்கு ஏறிவிடுகின்றன.

பழைய கொடியடுப்பை நினைவுகூர்வோம். தாயடுப்பில் உலை கொதிக்கையில், மிஞ்சிய அனல் பக்கத்துக் கொடியில் குழம்பைச் சூடாக வைத்திருந்தது. விறகுக்குச் சீமைக்கருவேலம், சட்டிக்கு மானாமதுரை மண். பின்னர் கரிக் குமுட்டியும் மரத்தூள் அடுப்பும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் வந்தன. பம்பாயில் 1955-இல் அறிமுகமான சமையல் எரிவாயு நெடுங்காலம் வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தது. தமிழக அரசு 2007-இல் இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கத் தொடங்கிய பின்னரே அது ஏழைகளின் வீடுகளிலும் பரவலாக நுழைந்தது. இத்தனை மாற்றத்திலும் ஒன்று மாறவில்லை. தீ பாத்திரத்துக்கு வெளியே எரிந்தது. ஆகவே எந்தப் பாத்திரத்தையும் அது விலக்கவில்லை.

இண்டக்‌ஷன் அடுப்பு அத்தகையதன்று. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அதன் அடிப்படை. கண்ணாடிப் பலகையின் கீழுள்ள செம்புச் சுருள் மாறும் காந்தப்புலத்தை எழுப்ப, பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டம் பிறந்து அதைச் சூடாக்குகிறது. இரும்பையும், காந்தம் ஒட்டும் எவர்சில்வரையும் அது ஏற்கும். மண், கல், பித்தளை, ஈயம் ஆகியவற்றை ஏற்பதில்லை. புகையும் சுடரும் இல்லை என்பது அடுக்களையில் நிற்பவருக்குப் பெரும் ஆறுதல். ஆனால் 2012-இன் நெடிய மின்வெட்டுகளைக் கண்டவர்கள் மின்சாரத்தை மட்டும் நம்பத் தயங்குவதும் நியாயமே.

மின்சாரம் இந்நிலத்துக்கு அந்நியமன்று. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்குகிறது. 1958 முதல் லோயர் கேம்ப்பில் மின்சாரத்தையும் பிறப்பித்து, வைகையில் சேர்ந்து, மேலூர் வரை நெல் விளைவிக்கிறது. இன்று நம் கம்பிகளில் அனல்மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் கலந்தே வருகின்றன. எனினும் நெல்லை விளைவித்த நீருக்கு, அதை வேகவைப்பதிலும் சிறு பங்குண்டு எனலாம்.

மாறுவதில் தவறில்லை. ஒற்றை எரிவாயு அடுப்பு ஒன்று மூலையில் இருக்கட்டும்: மின்வெட்டுக்காகவும், பரணிலிருந்து இறங்கக் காத்திருக்கும் மண்சட்டிக்காகவும்.