ஒளியும் காடியும் சேர்ந்த ஒரு நோய்ப் பெயர்

சர்க்கரை சேர்க்காத கோலா டப்பாவின் ஓரத்தில், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டிய பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு இது ஆகாது. அஸ்பார்ட்டேம் என்னும் செயற்கை இனிப்பு சேர்ந்திருந்தால் இதை அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவு விதி. வாயில் நுழையாத அந்தப் பெயரைப் பிரித்தால் மூன்று துண்டுகள் கிடைக்கின்றன.

முதல் துண்டு ஒளி. 1825இல் மைக்கேல் ஃபாரடே, விளக்கெரிக்கும் வாயு தயாரிக்கையில் தங்கிய எண்ணெய்க் கசடிலிருந்து ஒரு திரவத்தைப் பிரித்தார். இன்று நாம் பென்சீன் என்பது அதுதான். விளக்கு வாயுவோடு வந்த பொருள் என்பதால், பிரெஞ்சு வேதியியலர் ஒகுஸ்த் லொரான் 1830களில், ஒளிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஒரு பெயர் கட்டினார். பென்சீனுக்கு அது ஒட்டவில்லை. பென்சீனிலிருந்து கிளைத்த தொகுதிக்கு மட்டும் ஃபீனைல் என்று நிலைத்துவிட்டது. இரண்டாவது காடி. காடிக்கு லத்தீனில் அசேட்டம், அதிலிருந்து அசிட்டோன். அசிட்டோனை ஜெர்மானியர் அகெட்டோன் என்றார்கள், அதன் முதலெழுத்து உதிர்ந்து கீட்டோன் ஆயிற்று. மூன்றாவது சிறுநீர். வயலுக்குப் போடும் யூரியாவுக்கும் இந்த ஈற்றுக்கும் வேர் ஒன்றே.

இம்மூன்றும் ஒரு குழந்தை நோயில் வந்து சேர்ந்த இடம் நார்வே. 1934இல் ஆஸ்லோவில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளோடு ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரைப் பார்த்தார். பிள்ளைகள் மேல் ஒரு விசித்திர வாடை வீசுகிறது, ஏன் என்று அவர் பல மருத்துவர்களிடம் கேட்டு அலுத்திருந்தார். ஃபோலிங் வேதியியலும் படித்தவர். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். கீட்டோன் இருந்தால் செம்பழுப்பாக வேண்டிய நீர் பச்சையாக மாறியது. மருந்துகளையெல்லாம் ஒரு வாரம் நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார், அப்போதும் பச்சைதான். தாய் கொண்டுவந்து கொடுத்த நீரை லிட்டர் கணக்கில் வடித்துச் சுத்திகரித்து, நிறம் மாற்றியது ஃபீனைல்பைருவிக் அமிலம் என்று நிறுவினார். காப்பகங்களில் 430 பேரைச் சோதித்ததில் இன்னும் எட்டுப் பேரிடம் அது தெரிந்தது.

அவர் வைத்த பெயர் 'இம்பெசில்லிடாஸ் ஃபீனைல்பைருவிகா'. முற்பாதிக்கு லத்தீனில் பலவீனம் என்று பொருள். அன்றைய மருத்துவத்தில் அது மனவளர்ச்சிக் குறையின் ஒரு படிநிலை, தெருவிலோ வசவு. ஃபோலிங்குக்கு இழிவுபடுத்தும் எண்ணம் இல்லை. ஆனாலும் அந்தப் பெயரில் முதலில் நிற்பது குழந்தையின் குறை, அப்புறம்தான் அமிலம்.

அதை மாற்றியவர் பிரிட்டனின் லயனல் பென்ரோஸ். 1937இல் அவரும் வேதியியலர் குவாஸ்டலும் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா என்ற சொல் நிற்கிறது. குழந்தையின் அறிவைப் பற்றி அந்தச் சொல்லில் ஓர் எழுத்தும் இல்லை. பென்ரோஸின் வாழ்க்கையைப் பார்த்தால் இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. லண்டனில் 'இனமேம்பாட்டியல்' பேராசிரியராக அமர்ந்தவர், தம் தொடக்க உரையை இந்த நோயைப் பற்றியே ஆற்றினார். இந்த மரபணுவை ஒழிக்க நினைத்தால் நூற்றில் ஒருவருக்குக் கருத்தடை செய்ய வேண்டிவரும், அது மதியீனம் என்று அதில் வாதிட்டார். பின்னர் தாம் நடத்திய ஆய்விதழின் பெயரிலிருந்தும் 'இனமேம்பாடு' என்ற சொல்லை நீக்கி 'மனித மரபியல்' என்று வைத்தார்.

புதுப் பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. தொல்லை சிறுநீரில் இல்லை, இரத்தத்தில். பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் உள்ள ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றும் நொதி ஈரலில் வேலை செய்யாததால், அது தேங்கி வளரும் மூளையைக் கெடுக்கிறது. பிறந்த முதல் சில நாட்களில் சிறுநீர் காட்டிக்கொடுக்காது. பச்சை நிறம் தெரிய வாரங்கள் ஆகலாம். அதற்குள் காலம் போய்விடும். 1953இல் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கலும் கூட்டாளிகளும், ஃபீனைல்அலனின் குறைத்த உணவால் ஒரு சிறுமி தேறியதைக் காட்டினார்கள். சீக்கிரம் கண்டுபிடிக்க வழி வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி, குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை 1963இல் வெளியிட்டார். அன்று முதல் பெயரில் சிறுநீரும் சோதனையில் இரத்தமுமாக இந்த நோய் நடந்துவருகிறது.

ஈரலில் வேலை செய்யாத அந்த நொதியின் வேலை, ஃபீனைல்அலனினில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்ப்பது. அதனால் அதன் பெயர் ஹைட்ராக்சிலேஸ். அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, நோயையே 'ஃபீனைல்அலனின் ஹைட்ராக்சிலேஸ் குறைபாடு' என்று அழைக்கிறது. குறை இப்போது நொதியின் பேரில் எழுதப்பட்டிருக்கிறது. புதுப் பெயர் கட்டுரைகளில் பரவுகிறது. பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளில் மட்டும் நோய் இன்னும் பழைய பெயரின் ஆங்கிலச் சுருக்கமான 'பி.கே.யு.'தான்.