பாதைக்குச் சீசன் இல்லை: கொட்டியாரக் குடாக் கரைகளில் மாணவர் பயணக் கட்டணம்

இலங்கையில் மாணவர் பயணக் கட்டணம் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிட்டார்கள்: சலுகை எத்தனை வீதம்? அதற்கான விடை திருப்தியாகவே இருக்கும். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) மாணவர் சீசன் அட்டை இருக்கிறது, 2005இல் தொடங்கிய ‘சிசு செரிய’ பாடசாலைச் சேவை இருக்கிறது, திறைசேரி மானியமும் கொடுக்கிறது. ஆகவே குறை பஸ் தட்டுப்பாட்டில்தான், கட்டணத்தில் இல்லை என்று முடிக்கிறார்கள். திருகோணமலைத் துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் சுற்றியுள்ள ஊர்களில் இந்த முடிவு நிற்கவில்லை.

சீசன் அட்டையையே எடுத்துப் படிப்போம். அதிபர் உறுதிப்படுத்திய விண்ணப்பத்தின் பேரில் டிப்போவில் வழங்கப்படுவது அது. மாணவரின் பெயரோடும் பாடசாலையோடும் ஏறுமிடம், இறங்குமிடம் என இரண்டு ஊர்ப்பெயர்கள் அதில் உண்டு. முன்னையோர் இதை விலைக்குறைப்பாக வாசித்தார்கள். நான் இதை வரைபடமாக வாசிக்கிறேன். இரண்டு ஊர்ப்பெயர்களுக்கும் நடுவே ஒரு வீதி உண்டு, அதில் சபையின் பஸ் ஓடுகிறது என்பதை அட்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. தனியார் பஸ்ஸில் அது செல்லாது. பின்னேர டியூஷனுக்கும் அது உதவாது. நடுவில் தண்ணீர் வந்தால் அட்டையில் அதற்கு இடமே இல்லை.

கிழக்கில் ‘பாதை’ என்றால் தெரு அல்ல; ஆற்றையும் களப்பையும் கடக்கும் மிதவை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும் அங்கு ஓடிய பெரிய பாதையின் காலம் முடிந்தது. அருகிலுள்ள குறிஞ்சாக்கேணியில் முடியவில்லை. அங்கே பாலவேலை நடந்துகொண்டிருந்தபோது, 2021 நவம்பர் 23 காலை, தற்காலிகப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். பிறகு கடற்படை படகுச் சேவை நடத்தியது.

இவ்விபத்து அனுமதிப்பத்திரம், பாதுகாப்பு என்ற கோணத்திலேயே எழுதப்பட்டு வருகிறது. அது தவறல்ல, போதாது. காசில்லாமைதான் பிள்ளைகளைப் பாதையில் ஏற்றியது என்று சொல்லப் போதிய சான்று என்னிடம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் பாடசாலைக்குப் போகும் வழியின் மிக ஆபத்தான துண்டில் மாணவர் சலுகை எந்த வடிவிலும் எட்டிப்பார்க்கவில்லை என்பதை அட்டையின் அமைப்பே காட்டுகிறது. சலுகை எட்டாத இடத்தில் அரசின் கணக்கும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. இவை இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே என் வாதம்.

ஒரு துறையை வைத்துப் பொதுவிதி எழுதலாமா என்று கேட்பார்கள். இதே ஓட்டை தரையிலும் உண்டு. பின்னேரம் திருகோணமலை பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். மூதூர்ப் பக்கம் போகும் தனியார் பஸ் முதலில் புறப்பட்டால், சீசனைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை சபையின் பஸ்ஸுக்காக நிற்கும். இருட்டுமுன் வீடு சேரவேண்டிய பெண்பிள்ளை காசு கொடுத்து ஏறுவாள். அரை டிக்கெட் வயதைத் தாண்டியிருந்தால் முழுக் காசு. 2022 ஜனவரித் தொடக்கத்தில் 14 ரூபாயாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் ஜூலை 1இல் 40 ரூபாயாயிற்று. சலுகை வீதத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்றம் மாணவர்களைப் பெரிதாகத் தொட்டதாகவே தெரியாது.

லண்டனில் 2005 முதல் 16 வயதுக்குட்பட்டோருக்குப் பஸ் இலவசம். தமிழ்நாட்டில் அரசுப் பேருந்துகளில் பள்ளி மாணவருக்கு இலவசப் பயண அட்டை உண்டு. லண்டன் முறையே நமக்கு நெருங்கிய பாடம்: அங்கே உரிமை பிள்ளையின் வயதோடு போகிறது, இங்கே வழித்தடத்தோடு. இங்கும் அப்படிக் கொடுத்தால் செலவு கட்டுப்படியாகாது என்ற மறுப்பு பெரிதல்ல. பாடநூலை 1980 முதலும் சீருடையை 1993 முதலும் இலவசமாகக் கொடுக்கும் அரசு, அவற்றோடு பிள்ளை பாடசாலை வந்துசேரும் செலவை வேறு கணக்கில் வைப்பதற்குக் காரணம் இல்லை.

அட்டையிலுள்ள ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டுப் பிறந்த ஆண்டைப் பதியவேண்டும். தனியார் பஸ் நடத்துனரும் பாதைக்காரரும் அதை ஏற்று, ஒவ்வொரு பயணத்துக்கும் உரிய பணத்தை அரசிடம் பெறவேண்டும். அப்போது எந்தத் துறையில் எத்தனை பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்பது மாதந்தோறும் கச்சேரிக்குத் தெரியவரும்.