கிளாலிக் கடலும் நீரழுத்த மானியும்

கனடாவில் வாழும் எனது சகோதரியின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். சிம்கோ ஏரியில் மீன் பிடிப்பதற்காகப் பழைய படகு ஒன்றை வாங்கியிருக்கிறானாம். "மாமா, எஞ்சினுக்கு ஒரு கேஜ் பூட்டவேணும். சூடு காட்டுறதைப் பூட்டுறதோ, தண்ணி அழுத்தம் காட்டுறதைப் பூட்டுறதோ?" என்று கேட்டான். பத்திரிகைக்காரனிடம் கேட்கவேண்டிய கேள்வியன்று. எனினும் மறுமொழி கூற முற்பட்டபோது நீண்டதொரு வரலாறும், நான் மறக்கவியலாத ஓர் இரவும் நினைவில் எழுந்தன.

படகின் பின்புறத்தில் பூட்டவும் கழற்றவும் கூடிய இயந்திரத்தை நாம் வெளியிணைப்பு இயந்திரம் என்கிறோம். இதைக் கண்டுபிடித்தவர் ஓலே எவின்ரூட் எனப் பலரும் எழுதிவிடுகின்றனர். அது சரியன்று. அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே கமரன் வாட்டர்மன் என்ற அமெரிக்கர் இத்தகைய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். ஆனால், அதைப் பெருந்தொழிலாக வளர்த்தவர் எவின்ரூட்டே. 1877இல் நோர்வேயில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். காதலிக்காக ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு ஏரியில் துடுப்பு வலித்துத் திரும்புவதற்குள் அது உருகிப்போனதாம். அந்த ஏமாற்றமே இயந்திரத்துக்கு வித்திட்டது என்றொரு கதை உண்டு. 1909இல் சந்தைக்கு வந்த அவரது இயந்திரம் ஒன்றரைக் குதிரைவலு கொண்டது. எடை 62 இறாத்தல். அவர் பெயர் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தி 2020இல் நிறுத்தப்பட்டது.

நோர்வேக்கும் நமது கடலுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1956இல் நோர்வே சென்ற அன்ரனி ராஜேந்திரத்தின் முயற்சியால் 1967இல் சீநோர் நிறுவனம் தோன்றியது. காரைநகரில் அது நடத்திய தளத்தில் கண்ணாடியிழைப் படகுகள் கட்டப்பட்டன. துடுப்பும் பாயும் நம்பியிருந்த நமது கடற்றொழிலாளர் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு மாறிய காலம் அது.

மோட்டார் காருக்கு றேடியேற்றர் உண்டு. இவ்வியந்திரத்துக்குக் கடலே றேடியேற்றர். நீரில் அமிழ்ந்திருக்கும் கீழ்ப்பகுதியிலுள்ள துவாரங்கள் வழியாக, இறப்பர் இதழ்களைக் கொண்ட சிறு சக்கரமொன்று நீரை மேலே தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றிவந்து வெளியேறும். அதில் ஒரு பங்கு பின்புறத் துளையொன்றால் வெளியே பீச்சியடிக்கும். அந்தத் தாரையைக் கண்டால் ஓட்டிக்கு நிம்மதி. ஆழ்கடலில் இவ்வொழுங்கு குலைவது குறைவு. ஆனால் ஆழங்குறைந்த நமது கடல்நீரேரியிலோ சேறும் மணலும் சாதாழையும் துவாரங்களை அடைத்துவிடும்.

1991இல் பூநகரியைப் படையினர் கைப்பற்றிய பின்னர், கிளாலிக் கடல்நீரேரியே குடாநாட்டு மக்களின் வாசலாயிற்று. இரவில், விளக்கின்றி, ஓர் இயந்திரப் படகு வேறு படகுகளைக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லும். 1993 ஜனவரியில் கடற்படையின் தாக்குதலில் பயணிகள் பலர் அங்கே கொல்லப்பட்டனர். அதே ஆண்டில், சில மாதங்களின் பின், என் சகோதரியையும் அவளது மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு நான் அக்கடலைக் கடந்தேன். கனடாவிலிருந்து அழைத்தவன் அந்த மகனே.

நடுக்கடலில் ஓட்டி பேச்சை நிறுத்தினார். பின்புறமாகச் சாய்ந்து, இயந்திரத்தின் துளைக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்தார். இருளில் தாரை கண்ணுக்குத் தெரியாதல்லவா? சிறிது நேரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "தண்ணி வலுவில்லை, சுடுகுது" என்றார், மெதுவாக. இயந்திரத்தைச் சரித்துத் தூக்கி, துவாரங்களில் அடைந்திருந்த சாதாழையை விரல்களால் பிடுங்கினார். பின்னர் அது ஆறும்வரை காத்திருந்தோம். எவ்வளவு நேரமென்று அறியேன். பின்னால் கட்டியிருந்த படகுகளிலும் ஒருவர் இருமவில்லை.

அந்தக் கை இரண்டு மானிகளின் வேலையைச் செய்தது. தாரையின் வலுவில் அழுத்தத்தையும் அதன் சூட்டில் வெப்பத்தையும் அறிந்தது. ஆயினும் தாரையை முழுதும் நம்பலாகாது. பல இயந்திரங்களில் அது நீர் சிலிண்டர்களைச் சுற்றிவருமுன்னரே கிளைத்து வெளியேறுவது. தாரை நன்றாக வரும்போதே உள்ளே ஓரிடம் வெந்துகொண்டிருக்கலாம். மாறாக, உப்புப் படிந்தோ பூச்சி கூடு கட்டியோ துளை அடைபட்டிருக்க, இயந்திரம் குளிர்ச்சியாகவே இருப்பதும் உண்டு.

அழுத்தமானியின் மூலம் பிரெஞ்சுக்காரரான யூஜின் பூர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற கருவி. வளைந்த தட்டைக் குழாயினுள் அழுத்தம் ஏறும்போது அது நிமிர முற்படும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். நீராவிக் கொதிகலன்களுக்காகப் பிறந்த இக்கருவியே இன்றும் படகுகளில் பூட்டப்படுகிறது. இயந்திரத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் போதும், மின்சாரம் வேண்டாம்.

மருமகனுக்கு நான் கூறியது இதுதான். ஒன்றுதான் வாங்கமுடியுமெனில் நீரழுத்த மானியை வாங்கு. நீர் நின்றதும் அதன் முள் உடனே விழும். வெப்பமானி சற்றுத் தாமதித்தே சொல்லும். அதன் உணரி நீரோட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தால், நீரற்ற நிலையில் அது பொய்யும் சொல்லும். அழுத்தமானிகள் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் வரையிலும் 30 இறாத்தல் வரையிலும் விற்பனையாகின்றன. எதைத் தெரிவதென்பதற்கு இயந்திரத்தின் கைந்நூலில் உள்ள அழுத்த அளவைப் பார். மெதுவாக ஓடும்போது முள் அடியில் கிடப்பது இயல்பு. உன் இயந்திரத்தின் வழக்கமான அளவை ஒவ்வொரு வேகத்திலும் குறித்து வை. அளவு மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்தால் இறப்பர்ச் சக்கரம் தேய்கிறதென்று பொருள்.

ஆனால் வெப்பச் சீராக்கி மூடியபடி இறுகிப்போனால் அழுத்தமானி அதைக் காட்டிக்கொடுக்காது. முள் நலமாக நிற்கும், இயந்திரம் வேகும். அங்கே வெப்பமானி வேண்டும். அதன் உணரியைச் சிலிண்டர் தலையின் உலோகத்தில் பொருத்தச் சொன்னேன்.

"அப்ப ரெண்டும் வேணும் எண்டு சொல்லுறீங்கள்" என்று சிரித்தான். அழுத்தமானியை முதலில் பூட்டுகிறானாம். மற்றையதை அடுத்த கோடைக்கு. கிளாலியைக் கடந்த இரவு அவனுக்கு நினைவில்லை. தாயின் மடியில் உறங்கிக்கொண்டிருந்தான்.