பக்கத்து வீட்டுப் பூனையும் நஷ்டஈட்டுச் சட்டமும்





ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் செண்பகத்தோப்பு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயமும், 2021-ல் உருவான ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் அந்த மலைகளைத்தான் உள்ளடக்கியவை. அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்திருப்போருக்கு யானை என்பது வேடிக்கை பார்க்கும் விலங்கு அன்று. ஓர் இரவில் இறங்கி வந்தால் வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னையைச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். தோப்புக்காரர் மறுநாள் காலையில் பெருமூச்சு விடுவார். வனத்துறையிடம் நிவாரணம் கேட்டு மனு எழுதுவார். மறுபடியும் கன்று நடுவார். யானையோடு அவருக்குப் பகை இல்லை.

அதே மனிதர் ஊருக்குள் தம் வீட்டுக்கு வருகிறார். பக்கத்து வீட்டுப் பூனை அவருடைய கோழிக்குஞ்சுகள் இரண்டைக் கவ்விச் சென்றுவிட்டது. அன்றோடு இரு வீட்டாருக்கும் இடையில் ஸலாம் நின்றுபோகிறது. பெண்கள் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நின்றவர்கள் இப்போது ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். சில நாட்களில் பூனை செத்துக் கிடக்கிறது. விஷம் வைத்தது யார் என்ற கேள்வியோடு விவகாரம் ஜமாஅத்திற்கு வருகிறது.

தென்னைக்குப் பொறுத்தவர் கோழிக்குஞ்சுக்குப் பொறுக்காதது ஏன்? யானைக்கு உரிமையாளர் இல்லை, பூனைக்கு இருக்கிறார்; காரணம் அவ்வளவுதான். பிராணி செய்த சேதத்திற்கு மனிதன் எப்போது பொறுப்பாளியாகிறான் என்ற இந்தக் கேள்வி மிகப் பழையது. திருக்குர்ஆனே அதைப் பேசியிருக்கிறது.

இரு நபிமார்களின் தீர்ப்பு

அல்அன்பியா அத்தியாயத்தின் 78, 79-ஆம் வசனங்கள் ஒரு வழக்கைக் குறிப்பிடுகின்றன. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவு நேரத்தில் மற்றொருவரின் விளைநிலத்தில் இறங்கி மேய்ந்துவிட்டன. இறைவசனத்தில் வரும் அரபுச் சொல்லே, மேய்ப்பன் இல்லாமல் இரவில் மேய்வதைக் குறிப்பது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அது திராட்சைத் தோட்டம் என்றும், குலை தள்ளியிருந்த நேரம் என்றும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக வரும் விளக்கம் கூறுகிறது.

தாவூத் (அலை) அவர்கள் அந்த ஆடுகளை நிலக்காரருக்கே கொடுத்துவிடுமாறு தீர்ப்பளித்தார்கள். சேதத்தின் மதிப்பும் ஆடுகளின் மதிப்பும் சமமாக இருந்தன என்பதால் அது நீதியான தீர்ப்பே. ஆனால் அவர்களின் இளம் மகனார் ஸுலைமான் (அலை) அவர்கள் வேறொன்று சொன்னார்கள். ஆடுகள் நிலக்காரரிடம் இருக்கட்டும். அவற்றின் பாலையும் குட்டியையும் ரோமத்தையும் அவர் அனுபவிக்கட்டும். நிலம் ஆட்டுக்காரரிடம் இருக்கட்டும். அவர் உழைத்து அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். பயிர் முன்பிருந்த நிலையை அடைந்ததும் அவரவர் பொருள் அவரவருக்குத் திரும்பட்டும்.

வாசகர்களே, இந்தத் தீர்ப்பைச் சற்று நின்று கவனியுங்கள். முதல் தீர்ப்பில் ஒருவர் நஷ்டத்தைப் பெற்றுக்கொண்டு போகிறார், மற்றவர் வாழ்வாதாரத்தை இழந்து போகிறார். இரண்டாவதில் எவரும் எதையும் நிரந்தரமாக இழக்கவில்லை. அதோடு ஆட்டுக்காரர் மாதக்கணக்கில் அடுத்தவரின் நிலத்தில் மண்வெட்டி பிடிக்கவேண்டும். நிலக்காரர் அடுத்தவரின் ஆட்டைப் பேணிக் காக்கவேண்டும். ஒரு பயிரை வளர்க்க எவ்வளவு பாடு என்பதை அவரும், ஒரு மந்தையைக் கட்டுக்குள் வைப்பது எவ்வளவு சிரமம் என்பதை இவரும் கையால் உணர்ந்துகொள்வார்கள். ஸுலைமானுக்கு அதை நாமே விளங்கவைத்தோம் என்ற பொருள்படக் கூறும் அல்லாஹ், இருவருக்குமே ஞானத்தை வழங்கியதாகவும் சேர்த்தே கூறுகிறான்.

பகலும் இரவும்

மதீனாவில் அன்ஸாரித் தோழர் பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவரின் தோட்டத்தில் புகுந்து பாழாக்கியது. வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு, இரவில் கால்நடையைக் காப்பது கால்நடைக்காரரின் பொறுப்பு, இரவில் அது செய்த சேதத்திற்கு உரிமையாளரே ஈடு தரவேண்டும் எனத் தீர்ப்பு அமைந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் அபூதாவூதிலும் இது பதிவாகியுள்ளது.

இதன் அடிப்படை மக்களின் வழக்கம். பகலில் கால்நடை மேயத்தான் செய்யும், தோட்டக்காரர் விழித்திருப்பார். இரவில் தோட்டக்காரர் உறங்குவார், கால்நடை பட்டியில் அடைபட்டிருக்கவேண்டும். ஓர் ஊரில் வழக்கம் தலைகீழாக இருந்தால் சட்டமும் தலைகீழாகும் என்றுகூட ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதினார்கள்.

ஆனால் வாயில்லாப் பிராணி ஏற்படுத்தும் காயத்திற்கு ஈடு இல்லை என்ற பொருளில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியும் புகாரீ, முஸ்லிமில் உள்ளது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இதையே அடிப்படையாக எடுத்தார்கள். பிராணி தானாக அவிழ்த்துக்கொண்டு போய்ச் சேதம் செய்தால், உரிமையாளர் உடன் ஓட்டிச் செல்லாதவரை, இரவானாலும் பகலானாலும் அவர்மீது பொறுப்பில்லை என்பது அவர்களின் நிலைபாடு. மற்ற மூன்று இமாம்களும் பராஉ (ரலி) அவர்களின் வழக்கைக் கொண்டு இரவைத் தனியாகப் பிரித்தார்கள்.

பூனைக்கு என்ன சட்டம்?

ஆட்டைக் கட்டலாம், ஒட்டகத்தைக் கட்டலாம். பூனையை யார் கட்டுகிறார்கள்? அது வீடுகளைச் சுற்றி வருவது. அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்யவிருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகள் கப்ஷா அவர்களிடம், பூனை அசுத்தமன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் உள்ளது என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் சென்றாள் என்ற நபிமொழியும் நாம் அறிந்ததே. பூனைக்குட்டியின் பெயராலேயே அழைக்கப்பட்ட அபூஹுரைரா (ரலி) அவர்கள், தாம் ஆடு மேய்த்த நாட்களில் அக்குட்டியைப் பகலில் உடன் கொண்டுசெல்வதாகவும் இரவில் ஒரு மரத்தில் வைத்துவிடுவதாகவும் கூறியது திர்மிதீயில் உள்ளது.

எனவே பூனைக்குப் பகல் இரவு என்ற அளவுகோல் பொருந்தாது. இதை நுட்பமாக ஆராய்ந்தவர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள். பூனை ஒரு பறவையையோ உணவையோ அழித்தால், அதற்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு என அறியப்பட்டிருக்குமானால், இரவோ பகலோ உரிமையாளர் ஈடு தரவேண்டும். அறியப்படாதிருந்தால் ஈடு இல்லை. இதுவே சரியான கருத்து என மின்ஹாஜில் எழுதினார்கள். காரணமும் தெளிவு. சாதாரணப் பூனையைக் கட்டிவைப்பது உலக வழக்கமன்று. உணவை மூடிவைப்பதே வழக்கம். ஆனால் கோழி பிடித்துப் பழகிய பூனை என்று தெரிந்த பிறகு, அதைக் கட்டித் தடுப்பது வளர்ப்பவரின் கடமையாகிவிடுகிறது. அவர்களுக்கு முன்பே ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் முக்னீயில், அயலாரின் குஞ்சுகளைத் தின்னும் பூனையை வளர்ப்பவரைக் கடிநாய் வளர்ப்பவரோடு சேர்த்தே பேசினார்கள்.

அப்படிப் பழகிய பூனையைக் கொல்லலாமா? தாக்க வரும்போது தடுப்பது வேறு. சும்மா படுத்திருக்கும்போது கொல்லலாம் என்றார் காழீ ஹுஸைன் (ரஹ்). கூடாது என்றார் கஃப்ஃபால் (ரஹ்); பூனையின் கெட்ட குணம் இடையில் வந்தது, அதிலிருந்து பொருளைக் காப்பது எளிது என்பது அவர்களின் வாதம். நவவீ இமாம் கஃப்ஃபாலின் பக்கமே சாய்ந்தார்கள். ஹனஃபி ஃபத்வா தொகுப்பான ஆலம்கீரியில் துன்பம் தரும் பூனையை அடிக்கவோ காதைத் திருகவோ கூடாது, வேறு வழியில்லையெனில் கூரிய கத்தியால் அறுக்கலாம் என்று வருகிறது. இந்த இரு கருத்துகளில் எதை எடுத்தாலும், மீன் துண்டில் விஷம் தடவி வைப்பதற்கு அங்கே இடமில்லை.

இன்னொரு செய்தி. நவவீ இமாம் காலமானது ஹிஜ்ரி 676-ல். அதே ஆண்டில் காலமானவர், அவர்கள் துணிந்து கடிதம் எழுதிக் கண்டித்த எகிப்தின் சுல்தான் ளாஹிர் பைபர்ஸ். அந்த சுல்தான் கெய்ரோவின் வடக்கே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்காக வக்ஃப் செய்திருந்தார். 19-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன் 1836-ல் வெளியிட்ட நூலில், தோட்டம் பல கை மாறி ஆண்டுக்கு 15 பியாஸ்டர் மட்டுமே தந்தது என்றும், மீதிச் செலவைக் காழீ ஏற்று, தினமும் மாலையில் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு உணவிட்டார் என்றும் எழுதுகிறார். தொல்லை தரும் பூனையை விரும்பாதவர்கள் அதைக் கொல்லாமல் காழீயின் முற்றத்தில் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம்!

நான்கு கால்களும் பஞ்சு மூட்டையும்

நம் தமிழ் நாட்டிலும் ஒரு பூனை வழக்கு உண்டு. மரியாதைராமன் கதைகளில் வருவது. பஞ்சு வணிகர் நால்வர் எலித்தொல்லைக்காகப் பூனை வளர்த்தார்கள்; ஆளுக்கொரு கால் என்று பங்கு பிரித்தார்கள். ஒரு காலில் காயம் பட, அக்காலுக்கு உரியவர் எண்ணெய்த் துணி கட்டினார். துணியில் தீப்பற்ற, பூனை பஞ்சுக் கிடங்குக்குள் ஓட, எல்லாம் சாம்பலாயிற்று. மூவர் சேர்ந்து நான்காமவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். புண்பட்ட காலால் ஓட முடியாது, நல்ல கால்கள் மூன்றும்தான் பூனையைக் கிடங்குக்குள் கொண்டுசென்றன, ஆகவே மூவரும் அவருக்கு ஈடு தரவேண்டும் என்றார் மரியாதைராமன்.

பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்ற ராஜபாளையத்திற்கும், மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் பக்கத்துச் சத்திரப்பட்டிக்கும் இக்கதை மிகவும் பொருந்தும்! கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் சட்டம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இத்தீர்ப்பில் உடன்பாடில்லை. விளக்கு அருகே பூனையை விட்டது யார் என்று அவர் கேட்கவேயில்லை. பேராசைக்காரர் மூவரை வாயடைத்த சாமர்த்தியமே தவிர, அங்கே பொறுப்பு யாருடையது என்ற ஆய்வு நடக்கவில்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் சில சமயம் இந்த வழியில்தான் போகின்றன.

மனிதச் சட்டத்தின் நிலை

1926-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பக்கிள் என்பவருக்கும் ஹோம்ஸ் என்பவருக்கும் இடையே ஒரு வழக்கு நடந்தது. ஹோம்ஸின் பூனை பக்கிளின் இடத்தில் நுழைந்து 13 புறாக்களையும் இரண்டு சிறுவகைக் கோழிகளையும் கொன்றுவிட்டது. பூனை தன் இயல்பின்படி நடந்துகொண்டது, உரிமையாளர்மீது பொறுப்பில்லை எனத் தீர்ப்பாயிற்று. புறாக்காரர் வெறுங்கையுடன் திரும்பினார்.

ஆங்கிலேயர் நம் நாட்டில் 1871-ல் கொண்டுவந்த கால்நடை அத்துமீறல் சட்டத்தில் யானை, ஒட்டகம் முதல் ஆட்டுக்குட்டி வரை பட்டியல் உண்டு, பூனை இல்லை. அயலார் பயிரில் மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைத்து அபராதம் கட்டி மீட்ட கதைகளை நம் பெரியவர்கள் சொல்வார்கள். பூனையை எந்தப் பவுண்டில் அடைப்பது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு பிராணியைக் கவனக்குறைவாக வைத்திருப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரும் நிலைக்குத்தான் அது. அதே சட்டத்தின் 325-ஆம் பிரிவின்படி, தீங்கு செய்யும் நோக்குடன் பிராணியைக் கொன்றவருக்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. கோழி இழந்தவர் கோபத்தில் விஷம் வைத்தால், வழக்கில் நிற்பவர் அவராகவே இருப்பார்.

ஆகவே இத்தகைய சச்சரவுகள் மஹல்லாவுக்குள் பேசித் தீர்க்கப்படுவதே பொருத்தம். ஹனஃபி மத்ஹபின்படி பூனை தானாகச் சென்று தின்றதற்கு ஈடு கேட்க முடியாது. பூனையைக் கோழியின் மீது தூக்கி எறிந்து அது உடனே கவ்வினால் எறிந்தவர் பொறுப்பு என்ற அளவுக்குத் துர்ருல் முக்தாரில் வரையறுத்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி பழக்கம் அறியப்பட்டதா என்பதே கேள்வி. முதன்முறை நடந்தால் பக்கத்து வீட்டாரிடம் சென்று சொல்லிவைப்பது கோழிக்காரருக்கு நல்லது. சொன்ன பிறகும் பூனை அவிழ்ந்தே திரிந்தால், அறியேன் என்று வளர்ப்பவர் கூற முடியாது. ஹனஃபிகளான நம் சகோதரர்கள் சட்டப்படி பொறுப்பில்லை என்பதைக் கேடயமாக்கிக்கொள்ளவும் வேண்டாம். எவருடைய தீங்கிலிருந்து அண்டைவீட்டார் அச்சமின்றி இருக்கவில்லையோ அவர் இறைநம்பிக்கையாளர் அல்லர் என நபி (ஸல்) அவர்கள் மும்முறை ஆணையிட்டுக் கூறியது ஹனஃபிகளுக்கும் ஷாஃபிஈகளுக்கும் சேர்த்துத்தான். இரண்டு குஞ்சின் விலையைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவதற்கு எந்த மத்ஹபும் தடை சொல்லவில்லை.

இறுதியாக ஒன்று. இந்தத் தகராறுகளில் பாதி, யாருடையதும் அல்லாத பூனைகளால் வருபவை. ஒரு வீட்டில் மீன்முள்ளும் இன்னொரு வீட்டில் பாலும் வாங்கிக்கொண்டு தெரு முழுவதும் சுற்றும். சேதம் நடந்த அன்று, நீங்கள்தானே சோறு வைத்தீர்கள் என்று ஒரு வீட்டைப் பிடித்துக்கொள்வார்கள். இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் இதையும் விட்டுவைக்கவில்லை. தாமாக விரும்பி வளர்க்காமல், பூனையே வந்து ஒருவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் சேதத்திற்கு அவர் பொறுப்பாக மாட்டார். ஏனெனில் சேதம் அவரால் நேர்ந்ததன்று. பசித்து வந்த உயிருக்கு ஒரு கவளம் வைத்த பெண்மணியை ஜமாஅத் பெரியவர்கள் விசாரணைக்கு அழைக்கும் முன், அந்தப் பூனையை அவர் வளர்த்தாரா, அது அவரைத் தேடி வந்ததா என்பதை முதலில் கேட்டறியட்டும்.