ஊதியமும் உற்பத்தித் திறனும்: தாம்பரம் வட்டாரம் கற்பிப்பது

உழைப்பின் திறன் பெருகினால் ஊதியமும் தானாகவே பெருகும் என்பது பலருடைய எண்ணம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய கால் நூற்றாண்டில் மேலை நாடுகளில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒருங்கே உயர்ந்தன என்பது உண்மையே. ஆயினும் அது இயற்கை நியதியன்று, உடன்படிக்கையின் விளைவு. 1950ஆம் ஆண்டில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் மோட்டார்த் தொழிலாளர் சங்கமும் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தம், விலைவாசி ஏற்றத்துக்கு ஈடு வழங்கியதோடு, திறன் வளர்ச்சியின் பங்கையும் ஆண்டுதோறும் ஊதியத்தில் சேர்த்தது. வலிமைமிக்க சங்கங்களும் வேலையின்மைக் குறைவும் அத்தகைய ஒப்பந்தங்களுக்குத் துணை நின்றன.

நம் நாட்டில் நிலைமை வேறு. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இலேயே தோன்றியது. விடுதலைக்குச் சற்று முன் தொழில் தகராறுச் சட்டமும் (1947), விடுதலைக்குப் பின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் (1948), போனஸ் சட்டமும் (1965) வந்தன. கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் திறக்கப்பட்டது. பெருங்களத்தூரருகே ஸ்டாண்டர்டு ஆலையில் கார்கள் உருவாயின. சங்கமும் தீர்ப்பாயமும் பஞ்சப்படியும் அக்கால ஆலைத் தொழிலாளருக்கு அரணாயின. எனினும் பஞ்சப்படி விலையேற்றத்தினின்று காத்ததேயன்றித் திறன் வளர்ச்சியில் பங்களிக்கவில்லை. உண்மை ஊதியம் திறனுக்கேற்ப உயரவில்லை என்பதைக் கஜேந்திரகட்கர் தலைமையிலான தேசியத் தொழிலாளர் ஆணையம் 1969இல் எடுத்துரைத்தது.

அந்த அரணும் பின்னர்த் தளர்ந்தது. 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் தொடங்கப்பெற்றது. இளம் பெண்கள் பெருந்தொகையாய் அங்கு வேலைக்குச் சேர்ந்தனர். சில ஆண்டுகளில் ஸ்டாண்டர்டு ஆலை மூடப்பட்டது. நாட்டின் பதிவுபெற்ற ஆலைகளில், நிகர மதிப்புக் கூட்டலில் ஊதியத்தின் பங்கு 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடாயிருந்து, 2000களின் இறுதியில் 10 விழுக்காட்டளவுக்குச் சரிந்தது. இன்று அவ்வாலைத் தொழிலாளருள் ஏறத்தாழ ஐவரில் இருவர் ஒப்பந்தக்காரர் வழி வந்தவர்கள். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் தலையாய கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பதே. 1918இன் கேள்வி 106 ஆண்டுகளுக்குப் பின்னும் எழுந்தது.

இயேசுவை அவதாரமாக விளக்கிய இறையியலாளர் வெங்கல் சக்கரை, தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கியவர். அவருக்கு இவ்விரு பணிகளும் முரண்படவில்லை. நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் நம் சபைகளில் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். ஒரே பணிக்கு இருவேறு கூலி பெறும் அவ்விருவருக்கும் ஆயர் உரைக்கும் நீதி யாது என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.