ஆமதாபாத்தின் வெயில்

சரித்திரம் என்றால் கோட்டை, கொத்தளம், அரியணை என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஒரு மே மாதத்து வெயிலுக்கும் சரித்திரம் உண்டு என்பதை ஆமதாபாத்தைப் பற்றிப் படித்தபோதுதான் நான் உணர்ந்தேன்.

1411-ல் சுல்தான் அகமது ஷா சபர்மதிக் கரையில் நிறுவிய நகரம் அது. பழைய தெருக்கள் குறுகலானவை. ஒரு வீட்டின் நிழல் எதிர் வீட்டின்மேல் விழும். பக்கத்தில் அடாலஜ் என்ற ஊரில் 1499-ல் கட்டி முடித்த படிக்கிணறு ஐந்து அடுக்கு ஆழம். இறங்க இறங்கக் குளிர்ச்சி. வெயிலோடு வாழத் தெரிந்த மக்கள்தாம். அவர்களையே 2010-ம் ஆண்டு மே மாதம் வீழ்த்திவிட்டது.

அன்று வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. வெயில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு கொல்வதில்லை. ஒருவருக்கு மாரடைப்பு என்பார்கள். இன்னொருவருக்கு வயதாகிவிட்டது என்பார்கள். பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் முந்திய, பிந்திய ஆண்டுகளின் மரணக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,344 பேர் கூடுதலாக மாண்டிருந்தார்கள்!

என் மனத்தை விட்டு அகலாதது வேறொரு செய்தி. அந்நகரின் மருத்துவமனை ஒன்றில் பிரசவ வார்டு மேல்மாடியில், கொதிக்கும் கூரைக்கு நேர் கீழே இருந்தது. பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் உடல் கொதித்துத் தீவிர சிகிச்சைக்குப் போயின. வார்டைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். அப்படிப் போகும் குழந்தைகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. மருந்தில்லை, மாயமில்லை, படி இறங்கியதுதான் வைத்தியம்.

2013-ல் நகராட்சி ஒரு திட்டம் வகுத்தது. வானிலை நிபுணர்கள் சில நாள் முன்னதாகவே எச்சரிப்பார்கள். 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43-ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45 என்றால் சிவப்பு. உடனே தொலைபேசிகளில் செய்தி பறக்கும், பூங்காக்கள் நடுப்பகலிலும் திறந்திருக்கும், தண்ணீர் வைப்பார்கள், மருத்துவமனைகள் ஆயத்தமாகும். ஆண்டுக்குச் சராசரி 1,190 உயிர்கள் இதனால் தப்பின என்று 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மதிப்பீடுதான், தப்பியவர் யார் யார் என்று எவரால் சொல்ல முடியும்? அவர்களுக்கே தெரியாதே!

2017-ல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கவும் ஆரம்பித்தார்கள். கோடை முற்றுவதற்கு முன்பே, சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக.